ராக்கெட்டோ காரோ, பேரை விடுங்க, என்ன மாறியிருக்குன்னு பாருங்க

உங்க கேள்வி ரெண்டா இருக்கு. தனியார் கம்பெனி ராக்கெட்டுங்க இத்தனை வெடிச்சிருக்கே, அதுல மனுஷங்களை எந்த தைரியத்துல ஏத்துறாங்கங்கிறது ஒண்ணு. கார் வாங்கலாம்னு விசாரிச்சா ஒருத்தர் கோயில் கட்டி கும்புடுற பிராண்டை இன்னொருத்தர் வாசல்லயே சேர்க்கக் கூடாதுங்கிறாரே, இதுல யார் சொல்றதை எடுத்துக்கிறதுங்கிறது ரெண்டாவது. கூடவே, ரெண்டு காருக்கு நடுவுல தடுமாறிட்டு இருக்கேன்னும் சொல்லியிருந்தீங்க. ஒண்ணு நல்ல பேர் எடுத்த கம்பெனியோட புத்தம்புது மாடல், எஞ்சின் கியர்பாக்ஸ் எல்லாமே புதுசு. இன்னொண்ணு அவ்வளவா பேர் இல்லாத கம்பெனியோடது, ஆனா நாலு வருஷமா மாறாம வந்துட்டு இருக்குற மாடல்.

நான் வண்டி எஞ்சின் டெஸ்டிங்ல பல வருஷம் இருந்தவன். ராக்கெட் எனக்கு தொழில் இல்ல, ஆனா 2008-லேருந்து விடாம கவனிக்கிறேன், ஒவ்வொரு தோல்விக்கும் அப்புறம் கம்பெனிங்க வெளியிடுற விளக்கத்தை வரி விடாம படிப்பேன். ரெண்டையும் பார்த்துட்டு வர்றதால சொல்றேன், உங்க ரெண்டு கேள்வியும் ஒரே கேள்விதான். நம்பகத்தன்மைங்கிறது ஒரு கம்பெனியோட குணம்னு நினைச்சு பேசுறதாலதான் எல்லா குழப்பமும் வருது. அது கம்பெனியோட குணமே இல்லங்க, ஒரே பொருளை மாத்தாம திரும்பத் திரும்ப செஞ்சு, ஓட்டி, தப்பைக் கண்டுபிடிச்சு, சரி பண்ணி, அப்படி அந்த ஒரு பொருள் சம்பாதிச்ச சொத்து அது. நடுவுல பொருளை மாத்தினா அந்தச் சொத்துல பெரும்பகுதி காலி, பழைய பேர் மட்டும் அப்படியே ஒட்டிட்டு இருக்கும்.

முதல்ல ராக்கெட். ஸ்பேஸ்எக்ஸோட ஃபால்கன் 1 மூணு தடவை தோத்து நாலாவது தடவை ஜெயிச்ச கதை எல்லாருக்கும் தெரியும், விடாமுயற்சிக்கு உதாரணமா சொல்லுவாங்க. எனக்கு அதுல முக்கியமாப் படுறது வேற. அந்த மூணு தோல்வியும் மூணு வேற வேற காரணம். 2006 மார்ச்ல முதல் ராக்கெட் பசிபிக் கடல் நடுவுல ஓமெலெக்ங்கிற குட்டித் தீவுலேருந்து கிளம்பி அரை நிமிஷத்துலயே போச்சு, காரணம் எரிபொருள் குழாய்ல இருந்த ஒரு அலுமினிய நட்டு, தீவோட உப்புக் காத்துல அரிச்சு விரிசல் விட்டு, எரிபொருள் கசிஞ்சு தீப்பிடிச்சுது. 2007-ல ரெண்டாவது ராக்கெட் விண்வெளி வரைக்கும் போயிருச்சு, ஆனா ரெண்டாவது ஸ்டேஜ், அதாவது கீழ் அடுக்கு எரிஞ்சு கழண்டதும் எரியுற மேல் அடுக்கு, அதோட டேங்க்ல திரவ ஆக்சிஜன் தளும்ப ஆரம்பிச்சு, அந்தத் தளும்பல்லயே ராக்கெட் ஆடி கட்டுப்பாடு போச்சு, குடத்துல பாதி தண்ணி எடுத்துட்டு வேகமா நடந்தவங்களுக்கு அது எப்படி இழுக்கும்னு தெரியும். 2008 ஆகஸ்ட்ல மூணாவது. இதுதான் நம்ம விஷயத்துக்கு ரொம்ப நெருக்கமானது. முதல் ரெண்டு தப்பும் திரும்ப வரல, எல்லாம் சரியாத்தான் போச்சு, ஆனா இந்தத் தடவை எஞ்சினை மாத்தியிருந்தாங்க, எரிபொருளையே சுவருக்குள்ள ஓட விட்டு குளிர வைக்கிற புது வகை. அந்த எஞ்சினை அணைச்ச பிறகும் கொஞ்ச நேரம் லேசா ஒரு தள்ளு விசை மிச்சம் இருந்துச்சு. தரையில டெஸ்ட் பண்றப்ப காத்தோட அழுத்தத்துல அது கண்ணுக்கே தெரியல, காத்து இல்லாத உயரத்துல தெரிஞ்சுது. பிரிஞ்ச முதல் ஸ்டேஜ் பின்னாடியே வந்து ரெண்டாவது ஸ்டேஜை முட்டிருச்சு, அவ்வளவுதான்.

அடுத்த ராக்கெட்டுக்கு அவங்க புதுசா எதையும் டிசைன் பண்ணல. எஞ்சின் அணையுறதுக்கும் ஸ்டேஜ் பிரியுறதுக்கும் நடுவுல இருந்த இடைவெளியை கொஞ்சம் கூட்டினாங்க. 2008 செப்டம்பர் 28, ரெண்டு மாசம் கூட ஆகல, தனியார் தயாரிச்ச திரவ எரிபொருள் ராக்கெட் முதல் தடவையா சுற்றுப்பாதைக்குப் போச்சு. அங்க வேற எதையாவது சேர்த்து மாத்தியிருந்தா நாலாவதும் தோத்திருக்கும்னு நான் நிச்சயமா நினைக்கிறேன்.

தோல்வியெல்லாம் தனியார்ங்கிறதால வந்ததுன்னு நினைச்சிடாதீங்க. அமெரிக்க அரசோட வேன்கார்டு 1957 டிசம்பர்ல சில அடி உயரம் எழும்பி அங்கயே விழுந்து வெடிச்சுது. நம்ம எஸ்எல்வி-3 1979 ஆகஸ்ட்ல தோத்து 1980 ஜூலைலதான் ஜெயிச்சுது. புது ராக்கெட்டோட முதல் ஒண்ணு ரெண்டு பயணம் தோக்குறது யார் பண்ணாலும் நடக்கிறதுதான். பணம் யாரோடதுன்னு அதுக்குத் தெரியாது.

இதுல எனக்கு மனசுல ஆழமாப் பதிஞ்சது 1996-ல ஐரோப்பாவோட ஏரியான் 5 ராக்கெட் தோத்தது. புது ராக்கெட், ஆனா வழிகாட்டும் கருவியோட மென்பொருள் ஏரியான் 4-ல பல தடவை நல்லா ஓடினது, நம்பகமானதுன்னு பேர் வாங்கினது, அதை அப்படியே எடுத்து வச்சாங்க. புது ராக்கெட்டோட பாதையில கிடைமட்ட வேகம் பழசை விட ரொம்ப அதிகம். அந்த எண் மென்பொருள்ல அதுக்கு ஒதுக்கியிருந்த 16 பிட்ங்கிற சின்ன இடத்துல அடங்கல, கருவி பிழைன்னு சொல்லி நின்னுருச்சு, மாத்து கருவியும் அதே மென்பொருள்ங்கிறதால அதுவும் நின்னுருச்சு, 40 விநாடிக்குள்ள ராக்கெட் துண்டு துண்டாப் போச்சு. அந்த மென்பொருள்ல ஒரு எழுத்து கூட மாறல. அது இருந்த இடம் மாறுச்சு. கார்லயும் இதை நேர்ல பார்த்திருக்கேன், சின்ன கார்ல பத்து வருஷம் பிரச்சனையே இல்லாம ஓடின கியர்பாக்ஸை கனமான வண்டியில கொண்டு போய் வச்சா, அதுவரைக்கும் யாருமே கேள்விப்படாத சூடும் தேய்மானமும் வரும், வாங்கினவர் என்னடா நம்பகமான கியர்பாக்ஸ்னு சொன்னாங்களேன்னு நிப்பார்.

சரி, எத்தனை தடவை ஜெயிச்சா நம்பலாம்? இதுக்கு புள்ளியியல்ல சுலபமா ஒரு கணக்கு இருக்கு. ஒரு தோல்வி கூட இல்லாம தொடர்ந்து இத்தனை தடவை ஜெயிச்சிருக்குன்னா, 3-ஐ அந்த எண்ணால வகுங்க. வர்றதுதான் தோல்வி வாய்ப்போட மேல் எல்லை, 95 சதவீத உறுதியோட சொல்லலாம். உண்மையான வாய்ப்பு அதை விட குறைவா இருக்கலாம், ஆனா குறைவுதான்னு நிரூபிக்க கையில ஆதாரம் இல்லன்னு அர்த்தம். ஸ்பேஸ்எக்ஸோட அடுத்த ராக்கெட் ஃபால்கன் 9, 2010 ஜூன்லேருந்து 18 தடவை தன் முக்கிய வேலையை முடிச்சிருந்துச்சு, எல்லாரும் ரொம்ப நம்பகமானதுன்னு பேச ஆரம்பிச்சிருந்தாங்க. கணக்குப்படி 3-ஐ 18-ஆல வகுத்தா ஆறுல ஒண்ணு. அதாவது ஆறுக்கு ஒண்ணு தோக்குற ராக்கெட் இதுன்னு யாராவது சொல்லியிருந்தா, கையில இருந்த ஆதாரத்தை வச்சு மறுத்திருக்க முடியாது. 19-வது தடவை, 2015 ஜூன் 28, கிளம்பி ரெண்டு நிமிஷம் சொச்சத்துல சிதறிருச்சு. ரெண்டாவது ஸ்டேஜ் ஆக்சிஜன் டேங்குக்குள்ள ஹீலியம் பாட்டிலைப் பிடிச்சிருந்த ஒரு ஸ்ட்ரட், அதாவது தாங்கு கம்பி, 10,000 பவுண்டு விசையைத் தாங்கணும்னு வாங்கினது, அதுல அஞ்சுல ஒரு பங்குலயே முறிஞ்சிருச்சுன்னு கம்பெனி சொல்லுச்சு. நாசாவோட தனி விசாரணை இன்னும் கொஞ்சம் உள்ள போய், அந்த மாதிரி தரத்துல ஒரு பாகத்தை அந்த இடத்துக்கு தேர்ந்தெடுத்ததே டிசைன் தப்புன்னு சொல்லுச்சு. நான் நாசா பக்கம்தான், சப்ளையர் மேல பழி போடுறது எப்பவுமே சுலபம்.

அடுத்த வருஷம் செப்டம்பர் 1-ஆம் தேதி ஏவுதளத்துலயே, எரிபொருள் நிரப்பிட்டு இருக்கும்போதே ஒண்ணு வெடிச்சுது. இங்கயும் கேக்க வேண்டிய கேள்வி, என்ன மாறியிருந்துச்சு? 2015 டிசம்பர்லேருந்து புது வடிவம், ஆக்சிஜனை வழக்கத்தை விட குளிர வச்சு அடர்த்தியா நிரப்ப ஆரம்பிச்சிருந்தாங்க. ஹீலியம் பாட்டிலோட உலோக உறைக்கும் மேல சுத்தின கார்பன் நாருக்கும் நடுவுல அந்தக் கடுங்குளிர் ஆக்சிஜன் போய் சிக்கி, உறைஞ்சு கட்டியாகுற அளவுக்கு குளிர்ந்து, உரசல்ல பத்திக்கிச்சுங்கிறதுதான் அவங்க வந்த முடிவு. அந்த மாற்றம் இல்லாம இருந்திருந்தா அந்த விபத்தும் இல்ல.

அதுக்கப்புறம்தான் உங்க முதல் கேள்விக்கான பதில் வருது. ஆளை ஏத்துறதுக்கு நாசா வச்ச நிபந்தனையில முக்கியமானது, எந்த வடிவத்துல மனுஷங்க போகப் போறாங்களோ அதே வடிவத்தை உறைய வச்சு, டிசைன்ல பெருசா கை வைக்காம 7 தடவை பறக்க விட்டுக் காட்டுங்கங்கிறது. 2018 மே-ல வந்த பிளாக் 5ங்கிற பதிப்புதான் அது. 7 தடவைங்கிறது மேல சொன்ன கணக்குப்படி பெரிய எண் இல்லதான், ஆனா அது மட்டுமே ஆதாரம் இல்லையே, ஒவ்வொரு பாகமா தனித்தனி டெஸ்ட், பழைய விபத்துகளோட காரணங்களை மூடினது, எல்லாத்துக்கும் மேல ராக்கெட் கெட்டுப் போனா ஆளுங்க இருக்குற கலத்தை மட்டும் பிடுங்கிட்டு ஓடுற தப்பிக்கும் எஞ்சின். அதை 2020 ஜனவரியில ஆள் இல்லாம, பறந்துட்டு இருக்குற ராக்கெட்லேருந்தே பிரிச்சுக் காட்டினாங்க. மே 30-ஆம் தேதி ரெண்டு பேர் போனாங்க. அந்த தைரியம் ராக்கெட் தோக்கவே தோக்காதுங்கிற நம்பிக்கையிலேருந்து வரல, தோத்தாலும் ஆள் பிழைக்கணும்னு கட்டினதுலேருந்து வந்துச்சு. கார்ல சீட் பெல்ட்டும் நொறுங்கி விசையை வாங்கிக்கிற முன்பகுதியும் மாதிரி. நம்பகம் வேற பாதுகாப்பு வேற, இதைப் பலரும் குழப்பிக்கிறாங்க, அடிக்கடி வொர்க்‌ஷாப் போற கார் விபத்துல உயிரைக் காப்பாத்துறதும் உண்டு, பத்து வருஷம் நிக்காம ஓடுற கார் மோதினா அப்பளமா நொறுங்குறதும் உண்டு.

2016 விபத்துக்குப் பிறகு 300-க்கு மேல தொடர்ச்சியா ஜெயிச்சு, 2024 ஜூலை 11-ஆம் தேதி ரெண்டாவது ஸ்டேஜ்ல ஒரு கசிவு. அழுத்தம் அளக்குற சென்சாருக்குப் போற மெல்லிய குழாய்ல விரிசல், காரணம் அதைப் பிடிச்சிருந்த கிளாம்ப் தளர்ந்து எஞ்சின் அதிர்வுல உலோகம் களைச்சுப் போனது. அந்த சென்சார் இல்லாமலே பறக்கலாம்னு கழட்டிட்டு ரெண்டு வாரம் சொச்சத்துல திரும்பப் பறந்தாங்க. அந்த வருஷம் மட்டும் ஃபால்கன் குடும்பம் 130-க்கு மேல போச்சு. இந்த எண்ணிக்கையை வச்சுத்தான் நான் அதை நம்புறேன், பேரை வச்சு இல்ல. அதே கம்பெனியோட ஸ்டார்ஷிப் 2023 ஏப்ரல்ல முதல் முழுப் பயணத்துலயே சிதறிச்சு, அதுல இன்னைக்கு ஏறுன்னா ஏற மாட்டேன். ஒரே கம்பெனி, ரெண்டு ராக்கெட், ரெண்டுக்கும் என் பதில் வேற.

மேல சொன்னதையெல்லாம் திரும்பப் பாருங்க, நட்டு, ஸ்ட்ரட், கிளாம்ப். மத்த கம்பெனிகளையும் எடுத்துக்கோங்க. ஃபயர்ஃப்ளையோட ஆல்ஃபா 2021 செப்டம்பர்ல, கிளம்பி 15 விநாடியில ஒரு மின் கனெக்டர் கழண்டு நாலு எஞ்சின்ல ஒண்ணு நின்னுருச்சு. அஸ்ட்ராவோட ராக்கெட் 2022 பிப்ரவரியில, ஒயரிங் வரைபடத்துல இருந்த தப்பால மூக்குப் பகுதி திறக்கவே இல்ல. விர்ஜின் ஆர்பிட் 2023 ஜனவரியில இங்கிலாந்து கார்ன்வால்லேருந்து விமானத்துல கொண்டு போய் ஏவினது, எரிபொருள் பாதையில ஒரு ஃபில்டர் இடம் விட்டு நகர்ந்ததால போச்சு, சில மாசத்துல கம்பெனியே திவால். ஃபால்கன் 9-ல 2020 மார்ச்ல ஒரு எஞ்சின் நடுவழியில நின்னதுக்கு காரணம், துடைச்சு சுத்தம் பண்ற ஆல்கஹால் கொஞ்சம் உள்ள தங்கி பத்திக்கிட்டது. ஒன்பது எஞ்சின் இருந்ததால சரக்கு போக வேண்டிய இடத்துக்கு போய்ச் சேர்ந்துச்சு. பெரிய எஞ்சின், பெரிய டேங்க், புதுசா கண்டுபிடிச்ச எரிபொருள் இதெல்லாம் ராக்கெட்டைக் கொல்றது ரொம்பக் கம்மி. கொல்றது அஞ்சு விரல்ல பிடிக்கிற சாமான்.

இதுல ராக்கெட் லேப்ங்கிற கம்பெனியோட எலக்ட்ரான் ராக்கெட் 2020 ஜூலைல தோத்ததைப் படிச்சப்ப எனக்கு என் பழைய கார்தான் ஞாபகம் வந்துச்சு. அந்த ராக்கெட்டோட பம்ப் பேட்டரியில ஓடுறது. ஒரு மின் இணைப்பு சரியா உக்காரல, ஆனா விட்டு விட்டுத்தான் பிரச்சனை பண்ணுச்சு, அதனால தரையில நடந்த ஒரு டெஸ்ட்லயும் மாட்டல. பறக்கும்போது அந்த இடம் சூடாகி, சுத்தி ஊத்தியிருந்த பிசின் இளகி, இணைப்பு விட்டு எஞ்சின் அமைதியா அணைஞ்சுது. என் கார்லயும் அச்சு அசல் இதேதான். சூடானா மட்டும் ஓடும்போதே அணையும், அரை மணி நேரம் கழிச்சு ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகும். மூணு வொர்க்‌ஷாப் பார்த்துச்சு, மூணு இடத்துலயும் ஓட்டிப் பார்த்துட்டு நல்லாத்தானே இருக்குன்னாங்க, ஒரு இடத்துல எரிபொருள் பம்பையே மாத்தி காசு வாங்கினாங்க. கடைசியில நானே உக்காந்து எஞ்சின் சுத்துறதை அளக்குற கிராங்க் சென்சாரோட கனெக்டரை கழட்டிப் பார்த்தா உள்ள ஒரு பின் பச்சை பிடிச்சு தளர்ந்திருக்கு. மாத்தினேன், அதோட சரி. ஆனா நடுவுல ஒண்ணரை வருஷம் அந்த மாடலை வாங்கவே வாங்காதீங்கன்னு கேட்டவங்க எல்லாருக்கும் சொல்லிட்டு இருந்தேன், நல்ல மனசோடதான் சொன்னேன், எனக்கு நடந்ததைத்தான் சொன்னேன். அப்புறம் வேலையில அதே மாடல் வண்டிங்க நிறைய கையில வந்தப்பதான் புரிஞ்சுது, ஒரு குறிப்பிட்ட சில மாசம் தயாரிச்ச வண்டியில மட்டும்தான் அந்த கனெக்டர் மோசம், முன்னாடியும் பின்னாடியும் வந்தது எல்லாம் தங்கமா ஓடுது. நான் சொன்னது பொய்யில்ல, ஆனா நான் சொன்ன எல்லைக்கு அது உண்மையும் இல்ல. கார் பத்தி நீங்க கேக்குற கருத்துல பாதிக்கு மேல இந்த வகைதான்.

ஏன்னா ராக்கெட் தோத்தா உலகமே பார்க்குது. கார் தோக்குறது அப்படியில்ல, லட்சக்கணக்கான வண்டி, ஒவ்வொண்ணும் ஒவ்வொரு தெருவுல தனியா நிக்குது, யாரும் சேர்த்து எண்றதில்ல. இதோட விபரீதம் எவ்வளவு தூரம் போகும்கிறதுக்கு அமெரிக்க கார் கம்பெனி ஜெனரல் மோட்டார்ஸோட சாவி சுவிட்ச் விவகாரம்தான் உதாரணம். ஓடும்போதே சாவி லேசா இடிபட்டா சுவிட்ச் திரும்பி எஞ்சின் அணையும், அணைஞ்சா ஏர்பேகும் வேலை செய்யாது, காரணம் சுவிட்சுக்குள்ள ஒரு சின்ன ஸ்பிரிங் இருக்க வேண்டிய அளவுக்கு விறைப்பா இல்லாதது. 2014-ல 26 லட்சம் வண்டியைத் திரும்ப அழைச்சாங்க, 124 பேர் இறந்ததா அவங்க இழப்பீட்டு நிதியே ஏத்துக்கிச்சு. இதுல என்னால மன்னிக்க முடியாதது எதுன்னா, 2006-லயே அந்த சுவிட்சை சரி பண்ணி மாத்தியிருக்காங்க, ஆனா பாகத்தோட எண்ணை மாத்தல. ரெண்டு வேற சுவிட்ச், ஒரே எண். அதனால பிறகு ஆராய்ஞ்சவங்களுக்கு ஒரு வருஷம் வரைக்கும் வந்த வண்டி மட்டும் ஏன் கெடுது, அடுத்த வருஷத்து வண்டி ஏன் கெடலன்னு பிடிபடவே பல வருஷம் ஆச்சு. எதை மாத்தினோம்னு எழுதி வைக்காதது, வேற ஒண்ணும் இல்ல, அத்தனை உயிர்.

அப்ப சர்வே, ரிப்போர்ட் எல்லாம் நம்பலாமான்னு கேப்பீங்க. நம்பலாம், ஒவ்வொண்ணும் எதை எண்ணுதுன்னு தெரிஞ்சா. ஜே.டி. பவர்ங்கிற அமெரிக்க சர்வே கம்பெனி சொல்றது 100 வண்டிக்கு எத்தனை பிரச்சனைன்னு, அதுல ஃபோன் கனெக்ட் ஆகலங்கிறதும் ஒரு பிரச்சனை, கியர்பாக்ஸ் போறதும் ஒரு பிரச்சனை, ரெண்டும் எண்ணிக்கையில ஒண்ணுதான். ஜெர்மனியோட ஏடிஏசிங்கிற வாகன ஓட்டிகள் சங்கம் எண்றது வழியில நின்னு உதவிக்கு கூப்பிட்டது, அதுல எப்பவும் முதல் இடம் சாதா 12 வோல்ட் பேட்டரிக்கு. அங்கயே வண்டிகளை சோதிக்கிற டியூவ் எண்றது கட்டாய சோதனையில மாட்டின குறை, பிரேக், விளக்கு, சஸ்பென்ஷன் மாதிரி, ஓட்டுறவர் கவனிச்சாரா இல்லையாங்கிறதும் அதுல கலந்துடுது. மின்சார கார்ல மோட்டாரே வேகத்தைக் குறைச்சிடுறதால பிரேக் டிஸ்க் உபயோகம் இல்லாம துருப்பிடிக்கும், சோதனையில பிரேக் குறைன்னு விழும், அதை வச்சு மின்சார கார் மோட்டார் மோசம்னு முடிவு பண்ணா என்ன ஆகுறது? அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் கொஞ்சம் மேல, குறையோட கடுமைக்கு ஏத்த மாதிரி எடை போடுறாங்க, எந்த வருஷ மாடல்னு பிரிச்சும் காட்டுறாங்க. அதுல வருஷா வருஷம் பார்த்தீங்கன்னா நல்ல பேர் உள்ள கம்பெனியே முழுசா மாத்திக் கொண்டு வர்ற முதல் வருஷம் சறுக்குறது தெரியும்.

ராக்கெட்டையும் காரையும் ஒரே தராசுல வைக்க முடியாத இடம் ஒண்ணு இருக்கு, அதையும் சொல்லிடணும். கிளம்பும்போது ராக்கெட்டோட எடையில கிட்டத்தட்ட 90 சதவீதம் எரிபொருளும் ஆக்சிஜனும்தான், மிச்சத்துலதான் மொத்த உடம்பும். எதிர்பார்க்கிற சுமையை விட கால் பங்கு, ஆள் போறதுன்னா 40 சதவீதம், அவ்வளவுதான் கூடுதல் பலம் வைக்க முடியும், அதுக்கு மேல வச்சா பறக்காது. கார்ல அந்த நெருக்கடி இல்ல. ஆனா ஃபால்கனோட முதல் ஸ்டேஜ் எஞ்சின் ஒரு ஏற்றத்துக்கு எரியுறது ரெண்டரை நிமிஷம் சொச்சம், கார் சராசரியா மணிக்கு 40 கிலோமீட்டர்ல 2,00,000 கிலோமீட்டர் ஓடினா அது 5,000 மணி நேரம். அதனால ராக்கெட் பெரும்பாலும் டிசைன் தப்பு, கட்டினதுல தப்புன்னு சாகும், கார் தேய்ஞ்சு, காய்ஞ்சு, அரிச்சு சாகும். இப்ப ஒரு பூஸ்டரை, அதாவது அந்த முதல் ஸ்டேஜை, 30 தடவைக்கு மேல திரும்பப் பறக்க விடுறதால அந்த வித்தியாசமே கரைய ஆரம்பிச்சிருக்கு, 2021 பிப்ரவரியில ஒரு பூஸ்டர் தரையிறங்காம போனதுக்கு காரணம் எஞ்சினைச் சுத்தி இருந்த வெப்ப உறை தேய்ஞ்சு ஓட்டை விழுந்து சூடான வாயு உள்ள போனது. இத படிச்சப்ப எனக்கு சந்தோஷமா இருந்துச்சு, ராக்கெட்டுக்கும் பழைய வண்டி நோய் வர்ற அளவுக்கு அது ஓட ஆரம்பிச்சிருச்சேன்னு.

கிளம்புறதுக்கு சில விநாடி முன்னாடி நிறுத்துறாங்களே அதுவும் மோசமான அடையாளம்னு சிலர் நினைக்கிறாங்க, இல்ல. நம்ம சென்னையில இருக்குற அக்னிகுல் கம்பெனியோட ராக்கெட் 2024 மே 30-ஆம் தேதி ஸ்ரீஹரிகோட்டாவுலேருந்து ஒரே துண்டா 3டி பிரிண்ட் பண்ண எஞ்சினோட பறந்தது, அதுக்கு முன்னாடி பல தடவை நிறுத்தினாங்க. நிறுத்துறதுக்கு மனசு வர்ற கம்பெனியைத்தான் நான் மதிப்பேன். அதே மாதிரி கார் கம்பெனி ரீகால் அறிவிச்சா உடனே மட்டம்னு எழுதிடாதீங்க, எவ்வளவு சீக்கிரம் அறிவிச்சாங்க, எந்த மாசத்துலேருந்து எந்த மாசம் வரைக்கும்னு துல்லியமா சொல்ல முடிஞ்சுதாங்கிறதைப் பாருங்க, துல்லியமா சொல்ல முடிஞ்சா அவங்க கணக்கு ஒழுங்கா வச்சிருக்காங்க.

இனிமே உங்ககிட்ட யாராவது கார் பத்தி கருத்து சொன்னா, எந்த வருஷ வண்டி, எந்த எஞ்சின், எந்த கியர்பாக்ஸ், எத்தனை கிலோமீட்டர்ல என்ன போச்சுன்னு கேளுங்க. பேட்டரியும் டயரும் பிரச்சனைன்னு சொன்னா விட்டுடுங்க. கியர்பாக்ஸ் 60,000-ல போச்சுன்னு ஒருத்தர் சொன்னா குறிச்சு வைங்க, முன்பின் தெரியாத இன்னொருத்தர் அதே கியர்பாக்ஸ் அதே மாதிரி போச்சுன்னு சொன்னா அதை ரொம்ப சீரியஸா எடுத்துக்கோங்க. அந்தக் காலத்து கார் மாதிரி வராதுன்னு சொல்றவங்க கண்ணுல படுறது பிழைச்சு ஓடிட்டு இருக்குறது மட்டும்தான், இரும்புக் கடைக்குப் போன மத்ததை அவங்க எண்ணல. பல பிராண்ட் வண்டியையும் பிரிச்சுப் பார்க்குற மெக்கானிக் சொல்றதுக்கு மட்டும் நான் கூடுதல் எடை குடுப்பேன், ஆனா அவர்கிட்டயும் எது நல்ல கார்னு கேக்காதீங்க, இந்த மாடல்ல எந்த பாகத்தை அதிகமா மாத்துறீங்கன்னு கேளுங்க.

உங்க ரெண்டு கார் விஷயத்துல நான் இருந்தா நாலு வருஷமா மாறாம வர்றதை எடுப்பேன். ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, இந்த வருஷம் அதுக்குள்ள எஞ்சினோ கியர்பாக்ஸோ சத்தமில்லாம மாத்தியிருக்காங்களான்னு. மாத்தியிருந்தா வெளிய அதே முகமா இருந்தாலும் அதுவும் புது கார்தான், அப்ப ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, வாரண்டி எதுக்கு நீளமோ அதைப் பாருங்க. பேர் உள்ள கம்பெனியோட புது மாடல்தான் மனசுக்குப் பிடிச்சிருக்குன்னா ஒரு ஒண்ணரை வருஷம் பொறுக்க முடியுமா பாருங்க, அதுக்குள்ள முதல்ல வாங்கினவங்க வண்டியில எந்த பாகம் போகுதுன்னு வெளிய வந்துடும், அடுத்த தொகுதியில சரி பண்ணியிருப்பாங்க. வாங்குறப்ப தயாரிச்ச மாசத்தையும் பார்த்து வாங்குங்க.